டியர்டிராப் டிரெய்லரை நாமே வடிவமைத்துக் கட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் முகாம் வண்டிகளில் மிகச் சிறியவற்றுள் ஒன்று டியர்டிராப் டிரெய்லர். வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், சாதாரண மரவேலைக் கருவிகளைக் கொண்டு ஒருவர் தாமே கட்டி முடிக்கக்கூடியதும் அதுவே. அங்கு வாழும் தமிழ் நண்பர்கள் இதைப் பற்றித் தொடர்ந்து கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். பலகையும் இரும்பும் அந்நாட்டில் அங்குலக் கணக்கிலும் பவுண்டுக் கணக்கிலும் விற்கப்படுவதால், அளவுகளையும் அப்படியே தந்திருக்கிறேன்.

டியர்டிராப் டிரெய்லர் என்றால் சரியாக எது? இந்த வடிவம் எப்படி வந்தது?

முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்கும் ஒரு சிறு பெட்டி. உள்ளே இருவர் படுக்க ஒரு மெத்தை. பின்மூடியைத் தூக்கினால் வெளியே நின்று சமைப்பதற்கு ஒரு சிறு அடுக்களை. இவ்வளவுதான் வண்டி. உள்ளே நிற்க முடியாது, உட்காரலாம், படுக்கலாம். கழிப்பறையோ குளியலறையோ இருக்காது.

1930களிலேயே அமெரிக்கக் கைவினை இதழ்களில் இதற்கான வரைபடங்கள் வரத் தொடங்கிவிட்டன. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வீடு திரும்பியவர்களிடம் கார் இருந்தது, ஊர் சுற்றும் ஆசை இருந்தது, சந்தையில் மிஞ்சிய போர்க்கால அலுமினியத் தகடும் கிடைத்தது. மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ் 1947 செப்டம்பரில் வெளியிட்ட வரைபடத்தைப் பார்த்துப் பலரும் கட்டினார்கள். இன்றும் அதே வரைபடத்தை வைத்துக் கட்டுபவர்கள் உண்டு. பிறகு பெரிய டிரெய்லர்கள் வந்து இதை ஓரங்கட்டின. சிறிய கார்களும் எரிபொருள் கவலையும் பெருகிய பிறகு இது மீண்டும் தலையெடுத்தது.

வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

பெரும்பாலோர் அழகான வளைகோட்டை வரைவதில் தொடங்குகிறார்கள். நான் வேண்டுவது, முதலில் உங்கள் காரின் கையேட்டைத் திறந்து அது எவ்வளவு எடையை இழுக்கலாம், காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இணைப்பான ஹிட்ச்சின் பந்தின்மேல் எவ்வளவு எடையைத் தாங்கலாம் என்ற இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும் என்பதே. ஹிட்ச்சிலும் தரப்பிரிவு உண்டு. முதல் வகை ஹிட்ச் பொதுவாக 2,000 பவுண்டு இழுக்கவும் 200 பவுண்டு முன்எடையை, அதாவது பந்தின்மேல் அழுந்தும் எடையை, தாங்கவும் வல்லது. இரண்டாம் வகைக்கு அந்த எண்கள் 3,500, 350 ஆகும். காரின் எண், ஹிட்ச்சின் எண், பந்தின் எண் ஆகியவற்றுள் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை.

கவனமாகக் கட்டிய 5 அடி அகல டியர்டிராப், சாமான்கள் ஏற்றிய நிலையில் 1,000 முதல் 1,400 பவுண்டுக்குள் அடங்கும். கவனமின்றிக் கட்டினால் அதே அளவுள்ள வண்டி 1,800 பவுண்டைத் தாண்டிவிடும். பலமாக இருக்கட்டும் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு படி தடித்த பலகையைத் தேர்ந்தெடுப்பதே இதற்குக் காரணம். முக்கால் அங்குல பிளைவுட் ஒரு முழுத் தாளுக்கு 60 பவுண்டுக்கு மேல் இருக்கும். எட்டில் ஒரு அங்குலத் தாள் 10, 12 பவுண்டுதான். ஒவ்வொரு பலகையின் எடையையும் வாங்குவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். என் கணிப்பில், வடிவமைப்பு வேலையில் பாதி இந்தக் கூட்டலிலேயே முடிந்துவிடுகிறது.

அகலம் 4 அடியா, 5 அடியா?

பழைய வரைபடங்களில் 4 அடி அகலம்தான் இருக்கும், ஏனெனில் பிளைவுட் தாள் 4 அடிக்கு 8 அடியாக வருகிறது. வெட்டுக்கூலியும் வீணும் இல்லை. ஆனால் 4 அடி என்பது 48 அங்குலம். அமெரிக்கக் கடைகளில் விற்கும் இருவர் மெத்தையான 'ஃபுல்' அளவே 54 அங்குலம். 'குயீன்' 60 அங்குலம். 48 அங்குலத்தில் இருவர் தோளோடு தோள் உரசித்தான் படுக்க வேண்டும். தனியாகச் செல்பவருக்கு 4 அடி போதும். இருவர் என்றால் 5 அடியே சரி. குயீன் மெத்தையைக் கடையிலிருந்து வாங்கி அப்படியே உள்ளே போட்டுக்கொள்ளலாம். ஆனால் 60 அங்குலம் உள்ளளவாக இருக்க வேண்டும், சுவர்த் தடிமன் அதற்கு வெளியே.

நீளத்தைப் பொறுத்தவரை, 8 அடி என்பது 96 அங்குலம். படுக்கைக்கு 76 முதல் 80 அங்குலம் போக, அடுக்களைக்கு மிஞ்சுவது ஏறத்தாழ இரண்டு சாண்தான். இதைச் சமாளிக்கப் பழைய கட்டுநர்கள் ஒரு நல்ல வழி கண்டார்கள்: நடுத்தடுப்பை நேராக நிறுத்தாமல், கீழ்ப்பாதியைப் பின்னாலும் மேல்பாதியை முன்னாலும் வைத்தார்கள். படுத்திருப்பவரின் கால்களுக்கு மேலே உள்ள வெற்றிடம் அடுக்களையின் மேலலமாரியாகிவிடுகிறது. கால் நீட்டுவதற்குத் தேவை இரண்டடி உயரம்கூட இல்லை. இந்த மடிப்புத் தடுப்புதான் இந்த வண்டியின் உள்வடிவமைப்பிலேயே மிகக் கெட்டிக்காரத்தனமான பகுதி என்று நினைக்கிறேன்.

உயரத்துக்கு 4 அடி போதும். தரைப்பலகையும் 4 அங்குல மெத்தையும் போக ஏறத்தாழ 40 அங்குலம் மிஞ்சும். நடுத்தர உயரமுள்ள ஆணின் உட்காரும் உயரம் 36 அங்குலம். ஆனால் அந்த 40 அங்குலம் நீங்கள் எழுந்து உட்காரும் இடத்தில் கிடைக்க வேண்டும். ஆகவே வளைகோட்டின் உச்சியைக் கதவுக்கு நேர்மேலே வையுங்கள். காகிதத்தில் கவர்ச்சியாகத் தெரிவதற்காக உச்சியை முன்னோக்கி நகர்த்தினால், உட்காரும்போதெல்லாம் தலை இடிக்கும்.

சட்டகத்தை வாங்கலாமா, நாமே வெல்டிங் செய்ய வேண்டுமா?

வெல்டிங் நன்றாகத் தெரிந்தவர் செய்யலாம். தெரியாதவர் வாங்குவதே நல்லது. கருவிக் கடைகளில் 4 அடிக்கு 8 அடி அளவில், போல்ட் போட்டு இணைக்கும் டிரெய்லர் பாகங்கள் ஒரே பெட்டியில் கிடைக்கின்றன. முதல் முறை கட்டுபவர்களில் பலர் அதிலேயே தொடங்குகிறார்கள். 5 அடி அகலப் பெட்டியையும் அதன்மேல் அமர்த்தலாம். இரு பக்கமும் ஆறாறு அங்குலம் வெளியே நீளும் தரையைச் சக்கரக் காப்புகளுக்கேற்ப வெட்டிக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பெட்டியே ஓரளவு தன்னைத் தாங்கும் அமைப்பு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பக்கச் சுவர்கள் தரையோடு பசையிட்டுத் திருகப்பட்டதும், 4 அடி உயரமுள்ள இரு உத்தரங்களைப் போல நின்று வளைவைத் தடுக்கின்றன. அதனால் பெட்டிக்கு அடியில் கனமான இரும்புச் சட்டகம் தேவையில்லை. முன்னே நீளும் டங் என்னும் இழுவைக் கம்பிக்கு மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. அங்கேதான் விசை முழுவதும் வந்து சேர்கிறது.

சக்கரங்கள் மாட்டும் அச்சைச் சரியாக எங்கே வைப்பது?

வண்டி சாலையில் நேராக வருமா, வாலாட்டுமா என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி இது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு ஹிட்ச் பந்தின்மேல் அழுந்த வேண்டும். அதைத்தான் முன்எடை என்கிறோம். அது 10 விழுக்காட்டுக்குக் கீழே போனால், வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும்; ஓர் எல்லைக்கு மேல் அந்த ஆட்டம் தானே வளர்ந்து காரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். 15க்கு மேல் போனால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரங்களின் பிடி குறையும்.

கணக்கு எளியது. டிரெய்லரின் எடைமையம் அச்சுக்கு எத்தனை அங்குலம் முன்னால் இருக்கிறதோ, அதைக் கப்ளரிலிருந்து (டங்கின் முனையில் ஹிட்ச் பந்தைக் கவ்விக்கொள்ளும் பூட்டு) அச்சு வரையுள்ள தூரத்தால் வகுத்து, மொத்த எடையால் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 1,200 பவுண்டு வண்டி, கப்ளரிலிருந்து அச்சுக்கு 108 அங்குலம், எடைமையம் அச்சுக்கு 13 அங்குலம் முன்னால் என்றால், முன்எடை ஏறத்தாழ 144 பவுண்டு. அது 12 விழுக்காடு, மிக நல்ல நிலை.

இப்போது அடுக்களையில் 10 கேலன் தண்ணீர்த் தொட்டி ஒன்றை, அச்சுக்கு 40 அங்குலம் பின்னால் வைக்கிறீர்கள் என்று கொள்வோம். ஒரு கேலன் தண்ணீர் 8.3 பவுண்டு, ஆக மொத்தம் 83 பவுண்டு. அது முன்எடையிலிருந்து 31 பவுண்டைத் தூக்கிவிடும். 144 என்பது 113 ஆகும். மொத்த எடையோ 1,283 ஆகிவிட்டது. விகிதம் 9 விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று. ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி நல்ல வண்டியை ஆபத்தான வண்டியாக்கிவிடுகிறது. தொட்டியும் பேட்டரியும் கருவிப்பெட்டியும் எங்கே போகும் என்பதை அச்சின் இடத்தோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

பெட்டியின் நீளத்தில் முன்னாலிருந்து ஏறத்தாழ 60 விழுக்காட்டில் அச்சு வரும் என்று தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை உடனே வெல்டிங் செய்துவிட வேண்டாம். முடிந்தால் முன்பின் நகர்த்தக்கூடிய தாங்கிகளில் போல்ட் போட்டு வையுங்கள். பெட்டி முடிந்ததும், மெத்தையும் பாத்திரமும் தண்ணீரும் ஏற்றிய நிலையில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கப்ளர் இழுக்கும்போது இருக்கும் அதே உயரத்தில் நிற்குமாறு, அதன் அடியில் குளியலறை எடைக்கருவியையும் ஒரு மரத்துண்டையும் வைத்துப் படித்துப் பாருங்கள். மொத்த எடையை நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் உள்ள 'கேட்' (CAT) நிறுவனத்தின் எடைமேடையில் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு எண்களும் கைக்கு வந்தபிறகே அச்சை நிலையாக இறுக்க வேண்டும்.

பட்டை ஸ்பிரிங்கா, டார்ஷன் அச்சா?

பட்டை ஸ்பிரிங் மலிவு, எங்கும் கிடைக்கும், வழியில் ஒடிந்தாலும் மாற்றலாம். குழாய்க்குள் ரப்பர் தண்டுகளை அழுத்தி வைத்த டார்ஷன் அச்சு மென்மையாக ஓடும், சத்தமில்லை, அடிப்பகுதியில் இடமும் மிச்சம். எதை எடுத்தாலும் அதன் தாங்குதிறன் உங்கள் வண்டியின் எடைக்குப் பொருந்த வேண்டும். 1,200 பவுண்டு வண்டிக்கு, இருக்கட்டுமே என்று 3,500 பவுண்டு அச்சைப் போட்டால் ஸ்பிரிங் அசையவே அசையாது. சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் பெட்டிக்கே நேராகப் போய்ச் சேரும். திருகாணிகள் தளர்வதும், அலமாரிக் கதவுகள் தாமே திறப்பதும், மூட்டுகளில் விரிசல் விழுவதும் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. டார்ஷன் அச்சை உங்கள் எடைக்கேற்பக் குறைத்த திறனில் தயாரித்துத் தருவார்கள், வாங்கும்போதே கேளுங்கள்.

சுவரை எப்படி அமைப்பது?

இரண்டு வழிகள் உள்ளன. முக்கால் அங்குல பிளைவுட்டை ஒரே பலகையாக வெட்டி நிறுத்துவது முதல் வழி. எளிது, உறுதி, ஆனால் கனம், குளிரும் நேராக உள்ளே வரும். இரண்டாவது, அதே முக்கால் அங்குலப் பலகையில் கதவு, விளிம்பு, தடுப்பு பொருந்தும் இடங்களை மட்டும் பட்டையாக விட்டுவிட்டு மற்ற இடங்களை வெட்டி எடுத்து, அந்தக் குழிகளில் நுரைப்பலகையை நிரப்பி, இருபுறமும் மெல்லிய பிளைவுட்டை ஒட்டுவது. எடை ஏறக்குறைய பாதியாகும், வெயிலும் குளிரும் தணியும். வேலை கூடுதல்தான். ஆனாலும் இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் மின்கம்பிகளையும் அந்தக் குழிகளின் வழியே மறைத்துக் கொண்டுபோகலாம்.

வளைகோட்டை வரைய ஒரு நீண்ட மெல்லிய மரச்சட்டத்தை ஆணிகளுக்கிடையே வளைத்து வைத்து, அதை ஒட்டிப் பென்சிலால் கோடு இழுங்கள். மரம் தானே எடுக்கும் வளைவு கண்ணுக்கு உறுத்தாது. ஒரு சுவரை வெட்டி, விளிம்பைத் தேய்த்து, மனநிறைவு வந்தபிறகு அதையே மாதிரியாக வைத்து, ரூட்டர் என்னும் விளிம்பு வெட்டும் மின்கருவியால் இரண்டாவதை வெட்டுங்கள். இரண்டையும் தனித்தனியே வரைந்து வெட்டினால் கால் அங்குல வேறுபாடாவது வந்தே தீரும். கூரை பொருத்தும் நாளில் அது தெரியவரும்.

கூரைப் பலகையை உடையாமல் வளைப்பது எப்படி?

பிளைவுட்டின் மேல்தாளில் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். இழை வண்டியின் குறுக்காக, அதாவது ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஓடினால், பலகை முன்பின்னாக எளிதில் வளையும். இழை நீளவாக்கில் ஓடினால் முரண்டு பிடித்து முறியும். 4 அடிக்கு 8 அடித் தாள்களில் இழை பெரும்பாலும் 8 அடிப் பக்கமாகவே ஓடுகிறது. அதனால்தான் தாளை நீளவாக்கில் போட முயலும் பலர் முன்வளைவில் தோற்கிறார்கள். பால்டிக் பிர்ச் எனப்படும் பிளைவுட் 5 அடிக்கு 5 அடிச் சதுரத் தாளாக வருகிறது. 5 அடி அகல வண்டிக்கு அது வரப்பிரசாதம்: எந்தப் பக்கமும் திருப்பிப் போடலாம், அகலத்தில் ஒட்டும் வராது. எட்டில் ஒரு அங்குலத் தாள்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு வளைத்தால், காய்ந்ததும் அந்த வளைவிலேயே நின்றுவிடும்.

முன்முகப்பின் வளைவு ஆரம் ஓரடிக்குக் கீழே போகாமல் வரைந்துகொண்டால் துன்பம் குறைவு. அதற்கும் இறுக்கமான வளைவு வேண்டுமென்றால், பலகையின் பின்புறத்தை முந்தின இரவே ஈரத்துணியால் மூடி வைத்து, மறுநாள் பட்டைக்கயிற்றால் மெல்ல மெல்ல இறுக்கி, காயவிட்டு, அதன்பின் பசையிட வேண்டும். ஈரப்பலகையில் பசை பிடிக்காது.

மேலே அலுமினியத் தகடு போட வேண்டுமா? பெயிண்ட் மட்டும் போதாதா?

இரண்டும் நடக்கும். மரத்தின் அழகு வேண்டுமென்பவர்கள் எபாக்ஸி என்னும் கெட்டிப்படும் பிசினைப் பூசி, அதன்மேல் வெயில் தாங்கும் வார்னிஷ் அடிக்கிறார்கள்; பார்க்க மிக அழகு, ஆனால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை தேய்த்து மீண்டும் பூசியாக வேண்டும். கையில் காசு குறைவாக இருப்பவர்களுக்கு ஒரு பழைய வழி உண்டு: கித்தான் துணியை நீர்தாங்கும் மரப்பசையில் தோய்த்து ஒட்டி, அதன்மேல் வெளிப்புற லேடெக்ஸ் பெயிண்டைப் பல பூச்சுகள் அடிப்பது. ஒழுங்காகச் செய்தால் அது பல ஆண்டுகள் நிற்கிறது.

அலுமினியம் போடுபவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. வெயிலில் அலுமினியம் நீளும், மரம் அந்த அளவுக்கு நீளாது. 8 அடித் தகடு, வெப்பம் 40 டிகிரி செல்சியஸ் கூடும்போது 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீள்கிறது. முழுத் தகட்டையும் பசையிட்டு மரத்தில் ஒட்டிவிட்டால், நீளும் தகடு அங்கங்கே கொப்புளமாக எழும்பும். ஆகவே தகட்டை ஒட்டாமல் விட்டுவிட்டு, விளிம்புகளை மட்டும் அலுமினியப் பட்டையின் அடியில் பிடித்து வையுங்கள். நடுவில் அது நீளவும் சுருங்கவும் இடம் கிடைக்கும். விளிம்புத் திருகாணிகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். செம்பு உப்பு ஏற்றிப் பதப்படுத்திய மரம் அலுமினியத்தை அரிக்கும் என்பதால், அதைத் தகட்டோடு தொடும்படி எங்கும் பயன்படுத்த வேண்டாம்.

மழைநீர் உள்ளே வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

மரத்தால் கட்டிய டியர்டிராப்பைக் கொல்வது விபத்து அல்ல, ஒழுக்கு. அதுவும் பெருமழையில் கொட்டும் ஒழுக்கு அல்ல. ஒரு திருகாணித் துளை வழியே மாதக்கணக்கில் இறங்கி, பலகையின் விளிம்பை உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகச் செய்யும் கசிவு. வெளியே தெரியும்போது தரைப்பலகை விரலால் அழுத்தினாலே அமுங்கும்.

முதல் பாதுகாப்பு, பலகையின் வெட்டுவிளிம்புகள். பிளைவுட் தண்ணீரைக் குடிப்பது முகத்தால் அன்று, விளிம்பால். ஒவ்வொரு விளிம்பையும், துளையிட்ட ஒவ்வோர் ஓட்டையின் உட்புறத்தையும், பொருத்துவதற்கு முன்பே எபாக்ஸியாலோ, மினரல் ஸ்பிரிட் கலந்து நீர்க்கச் செய்த பாலியூரித்தேன் வார்னிஷாலோ ஊறவையுங்கள். முதல் பூச்சைப் பலகை உறிஞ்சிக்கொள்ளும், மீண்டும் பூசுங்கள். பளபளப்பு மேலே நிற்கும்வரை நிறுத்த வேண்டாம். தரையின் அடிப்பக்கத்துக்கும் இதே கவனம் வேண்டும், சக்கரம் தெளிக்கும் தண்ணீர் முழுவதும் அங்கேதான் அடிக்கிறது.

இரண்டாவது, மூட்டுகள். கூரையும் சுவரும் சேரும் விளிம்பு, கூரைவிசிறியின் சட்டம், கதவுச் சட்டம், பின்மூடியின் கீல் ஆகிய நான்கு இடங்களிலும் பியூட்டைல் என்னும் ஒட்டும் ரப்பர் நாடாவை அடியில் வைத்து இறுக்குங்கள். அது என்றும் மென்மையாகவே இருக்கும். இறுக்கும்போது பிதுங்கி வெளியே வருவதை மறுநாள் மரக்கத்தியால் வழித்தெடுத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துத் திருகாணிகளை மீண்டும் ஒருமுறை இறுக்கினால் போதும். சிலிகானை மட்டும் தொடாதீர்கள். ஒருமுறை சிலிகான் பட்ட இடத்தில் பிறகு பெயிண்டும் ஒட்டாது, பசையும் ஒட்டாது, புதிய சிலிகானும்கூடச் சரியாக ஒட்டாது. பழுதுபார்க்க வரும் நாளில் அந்த இடத்தையே சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

சோதனைக்குத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் போதும், ஆனால் மேலிருந்து மட்டும் ஊற்றிப் பார்ப்பது போதாது. நெடுஞ்சாலையில் மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது மழை முன்னாலிருந்தும் கீழிருந்தும் வரும். குழாயை அப்படித் திருப்பி ஒவ்வொரு மூட்டிலும் பல நிமிடம் அடியுங்கள். உள்ளே ஒருவர் டார்ச் விளக்கோடு பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

பின்மூடி ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது?

அது வளைந்த கதவு என்பதால். விலா எலும்புகள் போன்ற வளைசட்டங்களின்மேல் மெல்லிய பலகையை வளைத்து ஒட்டி, பிடிகளை அவிழ்த்ததும், பலகை தன் பழைய நேர்நிலைக்குத் திரும்பப் பார்க்கும். மூடி கால் அங்குலமோ அரை அங்குலமோ விரிந்துகொள்ளும்; கீழ்முனை வண்டியின் பின்விளிம்பில் படியாது, அந்த இடைவெளியில் தண்ணீரும் புழுதியும் நுழையும். இதற்குச் சிறந்த மருந்து, மூடியைத் தனியாக மேசையில் செய்யாமல், வண்டியின் சுவர்களையே மாதிரியாகக் கொண்டு அதன் இடத்திலேயே கட்டுவது. சட்டங்களின் வளைவைச் சற்றே கூடுதலாக வெட்டி, உள்தாள், வெளித்தாள் இரண்டையும் இடத்தில் இருக்கும்போதே பசையிட்டு, முழுதாகக் காயும்வரை பட்டைக்கயிற்றை அவிழ்க்காமல் வைத்திருந்தால், உள்தாளும் வெளித்தாளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளைவைக் காக்கும்.

மேல்கீலுக்கு, நீளம் முழுவதும் ஓடும், தண்ணீரைத் தானே வழித்துவிடும் அலுமினியக் கீல் ஒன்றை 'ஹரிக்கேன் கீல்' என்ற பெயரில் விற்கிறார்கள். பியானோ கீல் போட்டு மேலே ரப்பர் துண்டு ஒட்டுவதைவிட அது எத்தனையோ மேல். பக்கங்களில், மூடி அமரும் இடத்துக்கு உட்புறமாக ஒரு சிறு வாய்க்கால் வைத்து அதன் நீர் கீழே வெளியேறும்படி விடுங்கள். ரப்பர்ப் பட்டையைத் தாண்டி வரும் துளிகளை அந்த வாய்க்கால் பிடித்துக்கொள்ளும்.

உள்ளே படுத்தால் மூச்சு முட்டாதா?

காற்றோட்டம் இல்லாவிட்டால் முட்டும். அந்த அறையின் கொள்ளளவு 100 கன அடியளவே. இருவரின் மூச்சிலிருந்து வரும் ஈரம் விடியற்காலையில் சுவரிலும் கண்ணாடியிலும் துளித்துளியாக நிற்கும். மெத்தையின் அடியிலும் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். கூரையில் 14 அங்குலச் சதுரத் துளையில் பொருந்தும் விசிறி ஒன்றும், அதற்கு எதிர்மூலையில் தாழ்வாக ஒரு காற்றுத்துளையும் கட்டாயம் வேண்டும். விசிறி மட்டும் இருந்து காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் பயனில்லை. மெத்தையின் அடியில் சட்டப்பலகையோ காற்றோடும் வலையோ போடுங்கள்.

அடுப்பையோ, வெளியே புகைபோக்கி இல்லாத வாயு ஹீட்டரையோ எக்காரணத்தைக் கொண்டும் உள்ளே எரிக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூங்குபவரை அது எழுப்பாது. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைத் தலைமாட்டில் பொருத்துங்கள். பக்கத்து முகாமில் ஓடும் ஜெனரேட்டரின் புகைகூட உள்ளே வரலாம்.

கதவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கீல் முன்பக்கம் இருக்கட்டும். ஓடும்போது தாழ் நழுவினாலும் காற்று கதவைச் சாத்தியே வைக்கும்.

மின்சாரத்துக்கு எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்?

பலர் நினைப்பதைவிடச் சிறியது. விசிறி இரவு 8 மணி நேரம் 2 ஆம்பியர் இழுத்தால் 16 ஆம்பியர்-மணி. எல்இடி விளக்குகளும் கைபேசியும் சேர்ந்து 4 அல்லது 5. ஓர் இரவுக்கு 20 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்ளலாம். ஈய அமில வகையில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால், 100 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு இரவுக்கு மேல் வரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை எடையில் பாதிக்கும் குறைவு, முழுவதும் பயன்படுத்தலாம்; ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. எந்த வகையானாலும் நேர்முனைக்கு மிக அருகிலேயே ஒரு ஃபியூஸ் வையுங்கள். ஃபியூஸ் இல்லாத நீண்ட கம்பி மரச்சுவருக்குள் உரசித் தேய்ந்தால் தீப்பிடிக்கும்.

சாலை விளக்குகளுக்கான நான்கு கம்பிகளின் நிறம் அமெரிக்கா முழுவதும் ஒன்றே: வெள்ளை பூமியிணைப்பு, பழுப்பு பின்விளக்கு, மஞ்சள் இடது, பச்சை வலது. விளக்கு மினுங்கினால் முதலில் வெள்ளைக் கம்பியின் இணைப்பைப் பாருங்கள்.

அடுக்களையில் நம் சமையலுக்கு இடம் இருக்குமா?

இருக்கும், அளந்து கட்டினால். மேடைக்கும் மேலலமாரிக்கும் நடுவே எவ்வளவு உயரம் விடுவது என்பதைக் கடையில் விற்கும் வரைபடம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் குக்கரை அடுப்பின்மேல் வைத்து, விசில் வரை அளந்து, அதற்கு மேலும் ஒரு சாண் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, அடுப்பை ஓர் இழுவைத் தட்டில் வைத்து முழுவதும் வெளியே இழுத்துச் சமைப்பது. தாளிக்கும் எண்ணெய்ப்புகை வார்னிஷ் அடித்த பின்மூடியில் படியாது, மூடிக்கு வெப்பமும் ஏறாது.

யோசமிட்டி தேசியப் பூங்கா போன்ற கரடி நடமாட்டமுள்ள இடங்களில் உணவை அடுக்களையிலேயே விட்டுவிட்டுத் தூங்க வேண்டாம். கால் அங்குலப் பலகை கரடிக்கு ஒரு பொருட்டே அல்ல. முகாமில் தரப்படும் இரும்புப் பெட்டியில், பற்பசை உட்பட மணமுள்ள எல்லாவற்றையும் வைத்துப் பூட்ட வேண்டும்.

கட்டிய வண்டியைப் பதிவு செய்ய முடியுமா?

முடியும். வீட்டில் கட்டிய டிரெய்லருக்கென்றே மாநிலங்கள் தனி நடைமுறை வைத்திருக்கின்றன. பொதுவாக அதிகாரி ஒருவர் பார்த்து, வண்டிக்கு ஓர் அடையாள எண்ணைத் தருவார். சட்டகம், அச்சு, விளக்குகள் வாங்கிய ரசீதுகளையும் எடைச்சீட்டையும் ஒரு கோப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு, பிரதிபலிப்பான் ஆகியவற்றுக்கு நடுவணரசின் 108ஆம் எண் பாதுகாப்புத் தரம் பொருந்தும். பிரேக்குக்கான எல்லை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்: பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல்தான் கட்டாயம், கலிஃபோர்னியாவில் முகாம் டிரெய்லருக்கு 1,500 பவுண்டிலேயே கட்டாயமாகிறது. அங்கே டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் உச்ச வேகம் மணிக்கு 55 மைல். வரைபடம் போடுவதற்கு முன்பே உங்கள் மாநிலத்தின் விதியைப் படித்துவிடுவது நல்லது, ஏனெனில் பிரேக் பொருத்தும் தட்டு இல்லாத அச்சில் பின்னர் பிரேக் சேர்ப்பது பெருவேலை.

முதல் பயணத்துக்கு முன் எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டும் கப்ளருக்கு அடியில் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லட்டும். கப்ளர் கழன்றாலும் டங் தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் விழும். டயர்கள் டிரெய்லருக்கென்றே செய்தவையாக இருக்க வேண்டும், காற்று பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்கு இருக்க வேண்டும். பழைய டயரின் தடம் தேயாமல் இருந்தாலும், ஐந்தாறு ஆண்டு ஆகியிருந்தால் நம்ப வேண்டாம்.

முதல் நாள் தொலைதூரம் போகாதீர்கள். வீட்டிலிருந்து 10 மைல், 25 மைல், 50 மைல் ஆகிய மூன்று இடங்களிலும் நிறுத்தி, முறுக்குவிசைக் குறடால் சக்கர நட்டுகளைக் குறித்த அளவுக்கு மீண்டும் இறுக்குங்கள்; புதிய சக்கரத்தில் நட்டுகள் அமர்ந்து தளர்வது இயல்பு. ஒவ்வொரு முறையும் புறங்கையைச் சக்கரக் குடத்தின் அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் தொட முடியாத அளவுக்குச் சுட்டால், அந்தப் பக்கத்து பேரிங் கிரீஸ் இல்லாமலோ, அதிகமாக இறுக்கப்பட்டோ ஓடுகிறது என்று பொருள். அங்கேயே நிறுத்திச் சரிசெய்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.